மலையடியில் ஒரு நூற்றாண்டு

நம் ஆசிரமத்துக்கு எவரும் திட்டமிட்டு அடிக்கல் நாட்டவில்லை. 1896 ஜூலையில், மதுரையில், பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் பற்றியது. சாவது உடலா, நானா என்று அங்கேயே படுத்து உள்முகமாக விசாரித்தார். அழியாத தன் இயல்பை உணர்ந்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தவர் கடைசிவரை இவ்வூரை விட்டு நீங்கவில்லை.

பின்னாளில் நம் பகவானாகிய அவர் மலையிலுள்ள விரூபாக்ஷ குகையில் மௌனமாக இருந்த காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் தம் ஐயங்களை முன்வைத்தார். மணலிலும் சிலேட்டிலும் விடைகள் எழுதப்பட்டன. எழும் எண்ணம் ஒவ்வொன்றும் யாருக்கு எழுந்தது என்று பார்த்து, அந்த 'நான்' பிறக்கும் இடத்துக்கே மனத்தைத் திருப்பும் விசார மார்க்கம் அப்போது நமக்கு வாய்த்தது. 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருக்கு 'பகவான் ரமண மகரிஷி' என்று திருநாமம் சூட்டினார்.

அடுப்பே இல்லாத நாட்கள் அவை. அடியார்கள் தெருவில் பிக்ஷை எடுத்து வந்ததை எல்லோரும் பகிர்ந்து உண்டார்கள். கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த எச்சம்மாள் நாள்தோறும் உணவு சுமந்து மலையேறினார். அவரைப் போன்ற தாய்மாரின் கால்நோவில் வளர்ந்தது இந்த ஸ்தாபனம். 1916இல் அன்னை அழகம்மை மகனோடு தங்க வந்தார். மலைமேல் ஸ்கந்தாச்ரமத்தில் சமையல் தொடங்கியது. 1922 மே 19 அன்று, பகவானின் கரங்கள் தலையிலும் மார்பிலும் பதிந்திருக்க, அன்னை முக்தியடைந்தார். மலையடிவாரத்தில் அவரது சமாதி. அதன்மேல் ஓர் ஓலைக் கொட்டகை. சில மாதங்களில் பகவானும் அங்கு இறங்கி வர, ஆசிரமம் உருவாயிற்று.

1924இல் திருடர்கள் புகுந்து பகவானையே அடித்தார்கள். திருப்பி அடிக்கத் துடித்த அடியார்களை அவர் தடுத்துவிட்டார். 1930 முதல் சர்வாதிகாரியாக, அதாவது ஆசிரம நிர்வாகியாக, பொறுப்பேற்ற பகவானின் தம்பி நிரஞ்சனானந்தர், பணமின்றியே கட்டட வேலைகளைத் துணிந்து நடத்தினார். அடியார் அண்ணாமலை சுவாமி மேற்பார்வையில் கோசாலையும் போஜன சாலையும் எழும்பின. விடியுமுன் பகவானே காய் நறுக்க அமர்வார். வேலைக்கு நடுவிலும் விசாரம் நடக்க வேண்டும் என்பதை அந்தச் சமையலறையில் கற்றவர்கள் பலர்.

1949 மார்ச்சில், அன்னையின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயக் குடமுழுக்கு. அதற்குள் பகவானின் கையில் கட்டி வந்துவிட்டது. 1950 ஏப்ரல் 14 இரவு மகாநிர்வாணம். பலர் கலைந்து சென்ற அக்கடினமான ஆண்டுகளில் எஞ்சிய சிலர் பூஜையையும் பாராயணத்தையும் விடாமல் காத்தார்கள். அவர்களுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். 1953இல் டி.என். வேங்கடராமன் நிர்வாகத்தை ஏற்றார். 1964இல் ஆர்தர் ஆஸ்பர்னை ஆசிரியராகக் கொண்டு 'மவுண்டன் பாத்' இதழ் வெளிவரத் தொடங்கியது.

அன்று சிவப்பிரகாசம் பிள்ளைக்குப் பகவான் மணலில் எழுதிக் காட்டிய விடைகள் 'நான் யார்?' என்று 1923இல் நூலாயின. இன்று அச்சிறு நூல் பல மொழிகளில் நம் புத்தக நிலையத்தில் கிடைக்கிறது.