பென்சில் தாளிலிருந்து வந்த க்யூ

மேடையில் ஒளி மாற வேண்டிய தருணம் ஒவ்வொன்றுக்கும் ‘க்யூ’ என்று பெயர். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலம் முன்பே அது பென்சிலால் எழுதிய தாளில் பிறந்துவிட்டது.

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் அப்போது ‘பியானோ போர்டு’கள் இருந்தன. பியானோ அளவுப் பெட்டிகள். உள்ளே மின்தடைச் சுருள்கள், வெளியே விளக்கொளியைக் கூட்டிக் குறைக்க வரிசையாகக் கைப்பிடிகள். நாலைந்தை ஒன்றாக நகர்த்த வேண்டுமென்றால் முழங்காலையும் மரக்கட்டையையும்கூடத் துணைக்கு அழைப்பார்கள். ஆபரேட்டரின் தாளில் அவர் அசைக்க வேண்டியது மட்டுமே இருக்கும்: க்யூ 12, மூன்றாம் கைப்பிடி ஏழுக்கு. சொல்லாததைத் தொடக்கூடாது. அடுத்த உத்தரவு வரும்வரை அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

1975 ஜூலையில் ‘எ கோரஸ் லைன்’ ஷூபர்ட் அரங்குக்கு வந்தது. தேர்வுக்கு வந்து நிற்கும் ஆட்டக்காரர்களின் கதை அது. அவர்கள் வாய்விட்டுப் பேசுவது எது, மனசுக்குள் ஓடுவது எது என்று ஒளிதான் பிரித்துக் காட்ட வேண்டும். ஒளியமைப்பாளர் தாரன் மஸ்ஸர், க்யூக்களை நினைவில் வைத்துக்கொள்ளும் எல்எஸ்-8 என்ற மெமரி கன்சோலைக் கொண்டுவந்தார். பிராட்வேக்கு அதுவே முதல். ‘சாம்’ என்று அதற்குச் செல்லப்பெயரும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மஸ்ஸருக்கு டோனி விருது கிடைத்தது.

தொடக்க கால மெமரி கன்சோல்கள் பெரும்பாலும் ஒவ்வொரு க்யூவையும் முழுப் படமாகவே சேமித்தன. ஒரு விளக்கின் அளவைத் திருத்தினால், அது எரியும் க்யூ அத்தனையையும் திருத்த வேண்டும். ஒத்திகையில் இது பெரும் தொல்லை. பிறகு வந்த ‘லைட் பேலட்’ கன்சோல் பியானோ போர்டுத் தாளின் வழக்கத்துக்கே திரும்பியது: மாற்றத்தை மட்டும் பதிவுசெய். இதை ‘டிராக்கிங்’ என்பார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான். முழங்காலால் கைப்பிடி தள்ளியவர்களின் அறிவை இயந்திரம் அப்படியே வாங்கிக்கொண்டது.

உதாரணத்துக்கு, ஐந்தாம் சேனலில் உள்ள விளக்கை க்யூ 12இல் 70 சதவீதத்துக்கு ஏற்றுகிறோம். க்யூ 20இல் அணைக்கிறோம். ஒத்திகையில் இயக்குநர், “கண்ணைக் கூசுது” என்கிறார். க்யூ 12இல் மட்டும் 60 ஆக்கினால் போதும். 19 வரை தானே 60 ஆகிவிடும்.

அந்த 60 விளக்கை எட்டுவது எப்படி? 1986இல் வந்த டிஎம்எக்ஸ்512 முறையில் கன்சோல் ஒரு சேனலின் ஒளியளவை 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் கேபிளில் அனுப்புகிறது, விநாடிக்கு 44 தடவை வரை. 60 சதவீதம் என்றால் 153.

காட்சி முடிகிறது. “க்யூ 20... கோ” என்று ஸ்டேஜ் மேனேஜரின் குரல் ஹெட்செட்டில் கேட்கிறது. ஆபரேட்டர் பட்டனை அழுத்துகிறார். ஐந்து விநாடி ஃபேட். நடுவில் வரும் அளவுகளைக் கன்சோல் கணக்கிட்டபடியே இருக்கிறது. 153 படிப்படியாகச் சைபருக்கு இறங்குகிறது.