எவர் கண் பார்த்துக் கட்டிய வீடு?

வீடு கட்டுவதில் இருவகை உண்டு. குடியிருக்கப் போகின்றவன் கூடவே நின்று, தன் தேவைக்கும் கைப்பொருளுக்கும் ஏற்பக் கட்டுவித்துக்கொள்வது ஒன்று. யார் குடியேறுவார் என்பதே தெரியாமல், வாடகைக்கோ விலைக்கோ கட்டி வைப்பது மற்றொன்று. முன்னதில் சுவர் கோணினாலும், கலவையில் மணல் கூடினாலும் உடனே கேட்பதற்கு ஒருவன் இருக்கின்றான். பின்னதில் கேட்பவன் யார்? சிங்கப்பூரின் வீட்டு வரலாற்றைப் புரட்டினால், இந்த ஒரு கேள்விக்கு விடை காண எவ்வளவு காலம் பிடித்தது என்பது விளங்கும்.

முதல்வகைக்கு மலாய் மக்களின் மரவீட்டைக் காட்டலாம். அதைக் கட்டிய தச்சரின் அளவுகோல் மனித உடம்பே. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு 'டெப்பா'. அவ்வீட்டு இல்லத்தரசியின் கைவீச்சையே அளவாகக் கொள்வதும் மரபு. முழத்தை அவர்கள் 'ஹஸ்தா' என்பர். வடமொழியில் கையைக் குறிக்கும் சொல் அது. மனையடி சாத்திரம் பார்த்துப் பழகிய நம்மவர்க்கு இதெல்லாம் புதுமையாகத் தோன்றாது. முதலில் 'ரூமா இபு', அதாவது தாய்வீடு எழும். குடும்பம் பெருகும்போது பின்கட்டு சேரும். தரைக்கு மேலே தூண்களில் நிற்பதால் வெள்ளமும் ஈரமும் அண்டா. கீழிருந்தும் காற்று வரும். குறையொன்று கண்டால் தச்சரும் அதே கம்பத்தில்தான் இருப்பார்!

நகரத்தில் நடந்தது வேறு. 1822ஆம் ஆண்டு நவம்பரில் ராஃபிள்ஸ் நகர் அமைப்புக் குழுவுக்கு விடுத்த கட்டளையில், செங்கல் வீடுகளின் முகப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் எவரும் நடந்துபோகத் திறந்த, கூரையிட்ட வழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்றார். நாம் 'அஞ்சடி' என்று சொல்லும் நடைபாதை அதன் வழி வந்ததே. நல்ல ஏற்பாடுதான்; வெயிலிலும் மழையிலும் அதன் அருமை தெரியும். ஆனால் அது தெருவில் போகின்றவனை எண்ணிய ஏற்பாடு. முகப்புக்குப் பின்னால் உறங்குகின்றவனை எண்ணியதன்று.

பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் இடையே மர உத்திரம் எவ்வளவு நீளம் எட்டுமோ அவ்வளவே கடைவீட்டின் அகலம். நீளத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. ஆகவே வீடு பின்னோக்கி நீண்டது. பின்வீட்டின் முதுகோடு முதுகு ஒட்டிற்று. உரிமையாளர் ஒருவருக்கு வாடகைக்கு விட, அவர் மாடியைப் பலகையால் தடுத்து அறை அறையாகப் பலருக்கு விட்டார். நடு அறைகளுக்குச் சன்னல் ஏது? கட்டியவர் ஒருவர், வாடகை பெறுபவர் மற்றொருவர், இருமிக்கொண்டு படுத்திருப்பவர் வேறொருவர்.

சாவு எண்ணிக்கை ஏறிய பிறகே அரசு விழித்தது. சுகாதார நிலையை ஆராய வரவழைக்கப்பட்ட பேராசிரியர் சிம்சன் 1907ஆம் ஆண்டு தம் அறிக்கையைத் தந்தார். வெளிச்சமும் காற்றும் புகாத அறைகளுக்கும் காசநோய்க்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டி, வீட்டு வரிசைகளுக்கிடையே பின்சந்து வெட்டுமாறு கூறினார். பழைய கடைவீடுகளின் பின்னே இன்று நாம் காணும் சந்துகள் பல அந்தச் சிந்தனையின் விளைவு.

இவ்விடத்தில் தோட்டத்து லயத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் குடியிருந்த அவ்வரிசை வீடுகளில், குடியிருப்பவரின் விருப்பத்தைக் கேட்டு வைத்த கதவு ஒன்றும் இல்லை. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கவென்றே மலேசியாவில் தனிச்சட்டம் வந்தது 1966இல்தான்!

சிங்கப்பூரில் எஸ்.ஐ.டி. என்னும் அபிவிருத்தி டிரஸ்ட் 1927இல் தோன்றியது. 1936இல் தியோங் பாருவில் அது கட்டிய அடுக்கு வீடுகள் இன்றும் கண்ணுக்கு இனியவை. ஆயினும் 1959 வரை அது கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. பெருகிவரும் மக்களுக்கு அது எம்மூலைக்கு? 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் தீ மூண்டு, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். ஐந்தாண்டில் கழகம் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. அவற்றுள் பல மிகச் சிறியவை. அதைக் குறையாகச் சொல்வது எளிது. அத்தாப்புக் குடிசை எரிந்து வெறுந்தரையில் நின்றவர்க்குக் குழாயும் மின்விளக்கும் உள்ள ஓர் அறை எத்தகையது என்பதை எண்ணிய பிறகே குறை சொல்ல வேண்டும்.

விரைந்து கட்டியதன் விலை பின்னால் தெரிந்தது. பழைய அடுக்குகளில் கூரைக் கான்கிரீட்டினுள் இருந்த கம்பி துருப்பிடித்துப் பருக்க, காரை பெயர்ந்து விழுந்தது. பழுதுபார்ப்பும், 1990களில் பெரிய மேம்பாட்டுத் திட்டமும் தேவைப்பட்டன.

இவ்வளவும் கேட்டு, சொந்தக்காரனின் கண் இருந்தால் போதும் என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டா. 1986 மார்ச் 15இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் மாண்டனர். கட்டடம் தன் சொந்த எடையைத் தாங்க வேண்டும் என்ற கணக்கே வடிவமைப்பில் விடுபட்டிருந்தது. இத்தகைய பிழை உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாது. குடியிருப்பவர் கண்ணுக்கும் தெரியாது. எனவே 1989ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாவது கண் ஒன்றை வைத்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும். அதே ஆண்டில் 'கான்குவாஸ்' என்னும் தர மதிப்பீடும் வந்தது. கட்டமைப்பு, பூச்சு வேலை, மின்சாரம், குழாய் வேலை ஆகியவற்றை மாதிரிக்கு எடுத்துச் சோதித்து, பள்ளிப் பிள்ளைக்குப் போடுவது போல் மதிப்பெண் இடுவது அது. முன்பு கொத்தனாரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருந்த மூலைமட்டமும் ஓட்டு இணைப்பும் இப்படி எண்ணில் ஏறின.

இன்று சாவி பெற்றுப் புதுவீட்டுக்குள் நுழைகின்றவர், நாணயத்தால் தரை ஓட்டைத் தட்டி உள்ளே வெற்றிடம் உண்டா என்று கேட்டுப் பார்க்கின்றார். கழக வீட்டில் பொதுவான குறைகளைத் தெரிவிக்க ஓராண்டு தவணை உண்டு. கான்கிரீட் பெயர்வதற்குப் பத்தாண்டு உத்தரவாதம். 2024 அக்டோபரில் காலாங்-வாம்போ வட்டாரத்தில் உள்தடுப்புச் சுவரே இல்லாத 'வெள்ளை வீடு'களையும் கழகம் முன்பதிவுக்கு விட்டது. அறை எங்கே, எத்தனை என்பதை வாங்குபவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.