கேட்டு வாங்கும் பழைய துவிச்சக்கர வண்டி

கி.பி. 193ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள் உரோமாபுரியில் நடைபெற்ற ஏலத்தைப் போன்ற விந்தையான ஏலம் உலக சரித்திரத்தில் வேறொன்றைக் காண்பதரிது. பேரரசர் பேட்டினாக்சைக் கொன்ற மெய்காவற் படையினர் அரியணையையே ஏலத்தில் விட்டனர். கேட்டவர் இருவர். ஒருவர் வீரர் ஒவ்வொருவருக்கும் 20,000 செஸ்தர்சு தருவதாகக் கூற, திதியசு யூலியானசு என்னும் செல்வர் 25,000 என ஏற்றிக் கேட்டு அரசைத் தமதாக்கிக்கொண்டார். 66 நாள் ஆண்டார், பின்னர்க் கொலையுண்டார். கொடுத்த விலை பெரிதென்பதன்று அவருக்கு நேர்ந்த கேடு. விற்றவர்க்கு அப்பண்டம் சொந்தமன்று.

ஏலத்தில் விலை கூறுதலைத் தமிழர் ‘கேட்டல்’ என்றே வழங்குவர். விலையைக் கேட்பவர் வேறு சிலவற்றையும் கேட்டல் வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருப்பது போலத் தோன்றுகிறது. இன்று மேனாடுகளில், கணினித் திரையில் நடைபெறும் இணைய ஏலங்களிலே, பழைய துவிச்சக்கர வண்டிகளையும் அவற்றின் உறுப்புக்களையும் வாங்குவோர் மிகப் பலர். அவரை எதிர்நோக்கும் இடர்கள் புதியனவல்ல. பண்டம் விற்பவனுக்கு உரியதா என்பது ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத பழுது அதில் உண்டா என்பது மற்றொன்று.

முதலாவது இடரைப் பற்றி இங்கிலாந்தில் நெடுங்காலம் ஒரு விசித்திரமான விதி நிலவிற்று. பகல் வேளையிற் பகிரங்கச் சந்தையில் நல்லெண்ணத்தோடு ஒருவன் வாங்கிய பண்டம், களவாடப்பட்டதாயினும், அவனுக்கே உரியதாகும். இலண்டன் மாநகரின் நடுப்பகுதியிலுள்ள கடைகளெல்லாம் இவ்விதிக்குச் சந்தையாகவே கருதப்பட்டன. களவு கொடுத்தவனை விட வாங்கியவனுக்கே இரங்கிய இவ்விதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1995 சனவரியில் முற்றாக நீங்கிற்று. அதே ஆண்டு செத்தெம்பரிலேதான் அமெரிக்காவில் பியர் ஒமிதியார் என்பவர், பின்னர் ஈபே எனப் பெயர்பெற்ற இணைய ஏலத்தைத் தொடங்கினார். பழைய விதியின் நிழல் நீங்கிய பின்பே புதிய சந்தை பிறந்தது எனலாம். களவாடிய வண்டியை இன்று அறியாது வாங்கியவர், உரியவர் வந்து கேட்குமிடத்து வண்டியையும் இழப்பர், பணத்தையும் இழக்கக்கூடும்.

இதனாலேயே வண்டிச் சட்டகத்திற் பொறித்த இலக்கம் பெருமதிப்புடையதாகிறது. பெரும்பாலும் அது மிதிகட்டைகள் சுழலும் அச்சுக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்விலக்கம் தெளிவாகத் தெரியும் படமொன்றை ஏலம் முடியுமுன் கேட்டுப் பெற்று, களவுபோன வண்டிகளின் பதிவேட்டோடு ஒப்புநோக்குதல் அறிவுடைமை. இலக்கம் சுரண்டப்பட்டிருப்பின் விலை எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டியை விட்டுவிடலே நன்று.

இரண்டாவது இடருக்கு உரோமர் வகுத்த விதி வியக்கத்தக்கது. சந்தையை மேற்பார்வை செய்த ஈடில் எனும் அதிகாரிகள், அடிமைகளையும் விலங்குகளையும் விற்பவர் அவற்றின் குறைகளை வெளிப்படையாகக் கூறவேண்டுமெனக் கட்டளையிட்டனர். மறைத்த குறை வெளிப்படின் வாங்கியவன் பண்டத்தைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறலாம். மனிதரையும் மாட்டையும் ஒரே நிரையில் வைத்த அக்கொடுமையை மறத்தலாகாது. ஆயினும் குறையைச் சொல்லும் பொறுப்பை விற்பவன்மீது சுமத்தியது பெரியதொரு கருத்து. ஆங்கில நீதியோ வாங்குபவனே விழிப்பாயிருக்க எனப் பணித்தது. இலங்கையில் உரோம ஒல்லாந்தச் சட்டம் வழியாக வந்த பழைய நெறி, அசையும் பொருள்களைப் பொறுத்தவரை, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தால் ஆங்கில நெறிக்கு இடங்கொடுத்தது.

ஒமிதியாரின் சந்தையில் முதன்முதல் விலைப்பட்ட பொருள்களுள் ஒன்று பழுதான லேசர் சுட்டுகருவி, 14.83 டொலருக்குப் போயிற்று. பழுதென்று சொல்லியே விற்றார் என்பதே இதில் நினைவிற் கொள்ளத்தக்கது. 1996 பெப்ரவரியில் வாங்குவோரும் விற்போரும் ஒருவரைப் பற்றி ஒருவர் மதிப்புரை எழுதும் முறை வந்தது. ஆயின் குறை கூறியவர்மீது எதிர்க்குறை எழுதிப் பழிவாங்குதல் பெருகவே, 2008இல் விற்பவர் வாங்குவோரைக் குறைகூறும் உரிமை நீக்கப்பட்டது. ஆகவே நூறு புகழுரைகளை விட, பழுதைப் பற்றிய இரண்டொரு முறைப்பாடுகளே கூர்ந்து படிக்கத்தக்கவை. புகழோடு போலிக் கேள்வியும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஓவியமொன்று 135,805 டொலர் வரை ஏறிற்று. விற்றவரே வேறொரு பெயரில் விலை கேட்டிருந்தமை தெரியவந்தபோது அவ்வேலம் செல்லாதாயிற்று. தன் உச்ச விலையை முன்னரே உறுதிசெய்து, அதற்கு மேல் ஒரு சதமும் ஏறாதவரை இவ்வஞ்சகம் அதிகம் வருத்தாது.

துவிச்சக்கர வண்டியைப் பொறுத்தவரை மறைந்த பழுது பணத்தை மட்டுமன்றி உயிரையும் தொடுகின்றது. 1885இல் கொவென்றி நகரில் யோன் கெம்பு சுராலி ஆக்கிய ‘றோவர்’ வண்டியின் வழிவந்த உருக்குச் சட்டகம் பெரும்பாலும் வளைந்தோ நெளிந்தோ தன் காயத்தைக் காட்டும். கரிநாரினாற் செய்த முன்கவையோ கைபிடித்தண்டோ அவ்வாறன்று. அடிபட்ட இடத்தில் உள்ளே பிரிந்திருப்பினும் மேற்பூச்சு பளபளப்பாயிருக்கும். ஒருநாட் சடுதியாக முறியும். பெயர் பெற்ற தொழிலகத்தின் எழுத்தை ஒட்டிய போலிகளும் உலவுகின்றன. பற்சில்லும் சங்கிலியும் தேய்ந்திருப்பின் நட்டம் சில ரூபாய். முன்கவை முறியின் நிலை வேறு.

தலைக்கவசத்தை எக்காலும் பழையதாக வாங்கலாகாது. அதன் உட்புற நுரை ஒருமுறை மோதி நசுங்கினால் மீள எழுவதில்லை. வெளியே கீறலும் தெரியாதிருக்கலாம். அமெரிக்காவில் 1999 முதல் தலைக்கவசங்களுக்குக் கட்டாயத் தரம் விதிக்கப்பட்டிருக்கிறது. எனினும் அத்தர முத்திரை செய்தபோதிருந்த நிலையைச் சொல்லுமேயன்றி, முன்னை உடைமையாளர் எங்கே விழுந்தார் என்பதைச் சொல்லாது.

ஏலத் தளத்திற்கு வெளியே நேராக வங்கிக்குப் பணம் அனுப்புமாறு விற்பவர் கேட்பின் அங்கேயே நிறுத்திக்கொள்ளல் வேண்டும். தளம் தரும் காப்பு தளத்தினூடாகச் செலுத்திய பணத்துக்கே உரியது. பொதியைத் திறக்கும்போதே படம் பிடித்து வைத்தலும் பயன்தரும். விளம்பரத்திற் சொன்னதற்கு மாறான பொருள் வந்துசேரின், ஈபேயின் பொதுவான விதிப்படி முறையிட 30 நாள் உண்டு. உரோமாபுரிச் சந்தையில் குறையுள்ள பண்டத்தைத் திருப்பிக் கொடுக்க ஈடில் அதிகாரிகள் அளித்த காலம் ஆறு மாதம்.