குப்பைக் கீரையும் மழைக் கீரையும்: சயானிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

மும்பையில் வாழும் தமிழருக்குச் சயானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரின் பொருள் நம்மில் பலருக்குத் தெரியாது. மராத்தியில் இவ்வூர் 'ஷீவ்'. எல்லை என்று பொருள். பம்பாய்த் தீவுகள் முடிந்து, கழிக்கு அப்பால் சால்செட் தீவு தொடங்கிய இடம் இது. 1669-க்கும் 1677-க்கும் இடையில் ஆங்கிலேயர் இங்கே குன்றின்மேல் கோட்டை கட்டியதும் எல்லையைக் காக்கத்தான். இன்று கழியும் தெரிவதில்லை, எல்லையும் தெரிவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மழை இறங்கியதும் வேறோர் எல்லை தெரியவரும். அது காட்டுக்கும் நகரத்துக்கும் உள்ள எல்லை. அதைக் கடந்து வருவது கீரைக் கட்டு.

பால்கர், கசாரா, கர்ஜத் பக்கமிருந்து வார்லி, காத்கரி, தாக்கூர் முதலிய பழங்குடிப் பெண்கள் விடியற்காலை ரயிலில் மூட்டையோடு வந்து தாதர் போன்ற நிலையங்களின் வாசலில் அமர்வார்கள். அவர்கள் விற்பது விதைத்து வளர்த்த கீரை அல்ல. மழைக்குத் தானாக முளைத்ததைப் பறித்து வந்த கீரை. மராத்தியில் 'ரான்பாஜி' என்பார்கள். காட்டுக் காய்கறி என்று பொருள்.

பல ஆண்டுகளுக்கு முன் என் தாயாரோடு அப்படி ஒரு கூடைமுன் நின்றேன். "குர்டூ, குர்டூ" என்று கூவினார் அந்தப் பெண்மணி. அம்மா ஒரு தண்டை எடுத்துப் பார்த்தார். "ஏலே, இது நம்ம பண்ணைக்கீரைல்லா! திருநவேலியில மாட்டுக்குப் போடுவோம், பஞ்சத்துல நாமளும் தின்போம். இங்க காசு குடுத்தா வாங்குதாவ?" என்றார். வாங்கவும் செய்தார். அம்மாவுக்கு மராத்தி தெரியாது, அந்த மாவ்சிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் செடி தெரிந்திருந்தது. இக்கட்டுரைக்கு வித்து அந்தக் காட்சிதான்.

சங்க இலக்கியத்தில் குப்பைக் கீரை

பறித்துண்ணும் கீரைக்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுச் சான்று உண்டு. ஆனால் அது பெருமைக்குரிய சான்று அல்ல. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பசியால் மெலிந்த கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேக வைக்கிறாள். பிறர் பார்த்துப் பழிப்பார்களே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றின் 159-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் சொல்வதும் இதே வறுமையைத்தான்: குப்பைக் கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பும் இல்லாமல் உண்ணும் மனைவி.

இந்தக் கதவடைப்பை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. கீரை பறிக்கும் அறிவு பசித்தவளிடம் இருந்தது. அதைக் கௌரவமாக மதிக்கும் பழக்கம் சமூகத்திடம் இல்லை. என் தாயாரின் வியப்பிலும் அந்தப் பழைய வெட்கத்தின் மிச்சம் இருந்ததென்றே நினைக்கிறேன்.

குப்பைமேடு காடான கதை

சயானுக்கும் தாராவிக்கும் நடுவே, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கரில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. பழைய ஆட்கள் அதை மாஹிம் நேச்சர் பார்க் என்பார்கள். 1970-களின் பிற்பகுதி வரை அது நகரத்தின் குப்பைமேடு. தோல் பதனிடவும் பானை வனையவும் வந்து குடியேறிய தாராவி மக்களுக்கு அந்த நாற்றம் அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. 1983 வாக்கில் அங்கே மரம் நடத் தொடங்கினார்கள். 1994-இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே நம் நாட்டு மரங்கள், மூலிகைகள், மழைநீர்க் குளம், வண்ணத்துப்பூச்சிகள், பறவைகள் எல்லாம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் செடிகளைப் பெயர் சொல்லிக் கற்றுக்கொள்ளும் இடம் அது.

சங்கப் புலவர் கண்ட குப்பையில் கீரை தானாக முளைத்தது. சயான் குப்பையில் காட்டை மனிதர் முளைக்க வைத்தார்கள். மண்ணைக் கெடுத்தது மனிதர் கை என்றால், பொறுமையோடு மீட்டதும் மனிதர் கைதான். நாட்டுச் செடி வளர்க்கும் தொழிலுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் நமக்கு வேண்டுமா?

பறிப்பவர்களின் வரலாறு

காத்கரிகள் என்ற பெயரே 'காத்' என்னும் காசுக்கட்டியிலிருந்து வந்தது. கருங்காலி இன மரத்திலிருந்து காசுக்கட்டி காய்ச்சியவர்கள் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் வனச் சட்டங்கள் காட்டைப் பூட்டியபோது அத்தொழில் நலிந்தது, அவர்கள் கூலிகளானார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான கதை உண்டு. செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள் பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வழி அடைபட்டது. அவர்கள் முடங்கிவிடவில்லை. 1978-இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1986-இல் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் பிறந்தது. தண்டரையில் அப்பெண்கள் மூலிகை மருந்து செய்கிறார்கள், நாட்டு மரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். காட்டில் பறித்த அறிவே தோட்டத்தில் வளர்க்கும் தொழிலுக்கு முதலாயிற்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் சிறு வன விளைபொருளைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாசிகளுக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

தொழிலின் நுணுக்கம்

கீரை பறித்து விற்பது எளிய வேலை என்று எண்ண வேண்டாம். 'டாக்ளா' என்று இங்கே விற்கும் தகரையை முதல் மழையில் இளந்தளிராக எடுத்தால்தான் ருசி, முற்றினால் கசப்பு. 'ஷேவளா' என்னும் காட்டுக் கருணை இனத்துத் தண்டைப் புளிப்புச் சேர்க்காமல் சமைத்தால் தொண்டை அரிக்கும். அதனால் அதை விற்கும் பெண்கள் 'காக்கட்' என்ற புளிப்புக் காயையும் கூடவே தருவார்கள். பொருளோடு பக்குவத்தையும் சேர்த்து விற்கும் வணிகம் இது! வேரோடு பிடுங்காமல் நுனி கிள்ளுவார்கள், சில செடிகளை விதைக்கு விடுவார்கள். அடுத்த மழைக்கான முதலீடு அதுதான்.

ரசாயனம் இல்லாமல் சிறிய அளவில் வளர்ப்பவருக்கும் இதே பொறுமை வேண்டும். சிறுகீரை போன்றவை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். ஒரே நாளில் எல்லாம் விதைத்தால் ஒரே நாளில் எல்லாம் முற்றிவிடும். வாரம் ஒரு பாத்தி என்று விதைத்தால்தான் வாடிக்கையாளர் நிற்பார். இலைதழை மக்கும், வேப்பம் புண்ணாக்கும் யூரியாவைப் போல உடனே பலன் காட்டாது. பூச்சி அரித்த இலையை ஒதுக்கினால் லாபமும் குறையும். கீரை ஒரு நாளில் வாடிவிடும் சரக்கு வேறு. நம்மாழ்வார் ஐயா (1938–2013) ஊர் ஊராக நடந்து சொன்னதும் மண்ணுக்குக் காலம் கொடுங்கள் என்பதுதானே.

ஓர் எச்சரிக்கை

"கீரைதானே, ரயில் பாதை ஓரத்துல எவ்வளவோ கிடக்கே?" என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாக்கடை நீர் பாயும் மண்ணிலும், புகையும் தூசியும் படியும் சாலையோரத்திலும் முளைக்கும் கீரையில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேரக்கூடும், கழுவினாலும் போகாது. மருந்து தெளிக்காத கீரை எல்லாம் தூய கீரை ஆகிவிடாது. எங்கே முளைத்தது என்று கேட்க வேண்டும். நன்றாக அறிந்தவர் காட்டித் தராத செடியைச் சமைக்கவும் கூடாது.

நம் கையில் இருப்பது

அண்மை ஆண்டுகளில் காட்டுக் கீரைக்கு மவுசு வந்துவிட்டது. மகாராஷ்டிர வேளாண் துறையே ரான்பாஜி விழா நடத்துகிறது. அங்காடிகளில் 'இயற்கை' என்ற சீட்டு ஒட்டினால் விலை ஏறுகிறது. நல்லதுதான். ஆனால் அந்த ஏற்றம் விடியற்காலை ரயிலில் வந்தவளின் முந்தானை முடிச்சுக்குப் போய்ச் சேருகிறதா? கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பவர்கள் நாமே அல்லவா?

நம்மால் முடிந்தவை இரண்டு. ஒன்று, பேரம் பேசாமல் வாங்குவது. மற்றொன்று, பெயர்களைக் காப்பது. குர்டூதான் பண்ணைக்கீரை, 'கோள்'தான் பருப்புக்கீரை, 'கேனா'தான் கானாம்வாழை என்று சொல்லக்கூடிய பாட்டிமார் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வரும் மழைக்கு அவர்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாகச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். பெயர் மறந்த செடி வெறும் களைதான். அதைப் பறிக்கவும் ஆளிருக்காது, வளர்க்கவும் ஆளிருக்காது.

சங்க காலத்துக் கிணைமகள் கதவை அடைத்துக்கொண்டு உண்டாள். நம் வீட்டில் பண்ணைக்கீரை மசியும் நாளில் கதவு திறந்தே இருக்கட்டும். பக்கத்து வீட்டு மராத்திக்காரருக்கும் ஒரு கிண்ணம் போகட்டும்.