பத்து ராக்கிட்டில் 55 பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில நான் ஒரு காரியம் செஞ்சேன். தீபாராதனை நேரத்துல ஒரு பையன், 24 வயசு இருக்கும், ஆட்டிசம் உள்ளவன், சத்தமா முனகிக்கிட்டே கை தட்டிக்கிட்டு இருந்தான். ரெண்டு மூணு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. நான் தொண்டர் சட்டை போட்டிருக்கேன் இல்லையா, நேரா போய் அவங்க அம்மாகிட்ட, "அக்கா, தம்பியைக் கொஞ்சம் வெளிய உட்கார வைங்களேன்"னு சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். அவங்களும் "சரி தம்பி"ன்னு எழுந்து போனாங்க. அடுத்த வாரம் வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. நாலாவது வாரம் என் மனைவிதான் கேட்டாங்க, "அந்த அக்கா ஏன் வர்றதில்ல?"

வீட்டைத் தேடிப் போனேன். மலிவு விலை அடுக்குமாடி, நாலாவது மாடி. கிரில் கதவுல ரெண்டு பூட்டு. பையன் ஓடிருவான்னு பயம். 19 வயசு வரைக்கும் இடைநிலைப்பள்ளியில சிறப்புக் கல்வி வகுப்புக்குப் போயிருக்கான். அது முடிஞ்ச பிறகு அஞ்சு வருஷமா வீடுதான். வெளியில போற ஒரே இடம் நம்ம கோயில். அதையும் நான் மூடிட்டேன்.

பி.டி.கே.வுக்கு அனுப்பலையான்னு கேட்டேன். "அது கம்பத்து ஆளுங்களுக்கு இல்லையா தம்பி?"ன்னாங்க. எனக்கும் பதில் தெரியலை. பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கேனே ஒழிய உள்ளே போனதில்லை. அதனால சனிக்கிழமை மூடியிருக்கும்னு தெரிஞ்சு, ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போனேன். வீட்டுலேருந்து நாலே கிலோமீட்டர். அங்க இருக்கிற பொறுப்பாளர் அம்மா உட்கார வச்சு எல்லாம் சொன்னாங்க. அதுக்கப்புறம் நானும் தேடிப் படிச்சேன். படிச்சதையும் எனக்குத் தெரிஞ்சதையும் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல பழைய கதை. 1911-ல பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையை வெள்ளைக்காரன் கட்டினான். இன்னிக்கு அதுக்குப் பேர் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. மனநோய் வேற, பிறவியிலேயே மூளை வளர்ச்சி வேற மாதிரி இருக்கிறது வேற. அந்த வித்தியாசம் அந்தக் காலத்துல யாருக்கும் பெரிசா தெரியாது. குடும்பத்தால பார்த்துக்க முடியாதவங்க அங்கதான் போய்ச் சேர்ந்தாங்க. நம்ம வாயிலயும் அந்த ஊர் பேரு வசைச்சொல்லா ஆயிடுச்சு. சின்ன வயசுல "உன்னை தஞ்சோங் ரம்புத்தான்ல விட்டுருவேன்"னு திட்டு வாங்காதவங்க யாரு?

அதுக்குப் போகாதவங்க வீட்டுல இருந்தாங்க. நம்மாளுங்களுக்கு வீடுன்னா தோட்டம். நான் கெடாவில ஒரு ரப்பர் தோட்டத்துல பிறந்தவன். லயன் வீடு. காலையில பிரட்டுக்குப் போனா அப்பா அம்மா ரெண்டு பேரும் மதியம்தான் வருவாங்க. பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில. மரம் வெட்ட முடியாத வயசான பாட்டிமார் பார்த்துக்குவாங்க. வரிசையா புடவைத் தூளி தொங்கும். நடக்க வராத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை எல்லாம் அங்கேயேதான், மத்த பிள்ளைகளோட சேர்ந்து. பள்ளிக்கூட வயசு வந்த பிறகும் கொட்டகையிலேயே இருந்துரும். யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க.

எங்க தோட்டத்துல ஒரு அண்ணன் இருந்தார். முகத்தைப் பார்த்தா இன்னிக்கு டவுன் சிண்ட்ரோம்னு உடனே சொல்லிருவோம். அப்ப எங்களுக்கு அப்படி ஒரு பேரு இருக்கிறதே தெரியாது. மாரியம்மன் கோயில்ல சாயங்கால மணி அடிக்கிறது அவர் வேலை. வேற யாராவது மணிக் கயித்தைத் தொட்டா கோபம் வந்துரும். ஆறு மணிக்கு மணிச்சத்தம் கேட்டாத்தான் எங்கம்மா விளக்கேத்துவாங்க. கண்டக்டர் துரை பங்களாவுல இருந்து சின்னப் பிள்ளைகள் வரைக்கும் அவரைத் தெரியும். மழையில எங்கேயாவது நின்னா யாராவது கையைப் பிடிச்சு வீட்டுல கொண்டு விடுவாங்க.

ரொம்ப இனிப்பாவும் சொல்ல விரும்பலை. அதே தோட்டத்துல கடைசி லயத்துல ஒரு பொண்ணைத் தூண்ல கயிறு போட்டுக் கட்டி வச்சுட்டு வேலைக்குப் போனதையும் பார்த்திருக்கேன். அந்த அம்மாவுக்கு வேற வழியில்லை. முற்பிறவிப் பாவம்னு பேசினவங்களும் உண்டு, கல்யாணப் பேச்சு வந்தா அந்தப் பிள்ளையை அறைக்குள்ள தள்ளிப் பூட்டினவங்களும் உண்டு. டிரெசர் கொடுத்ததெல்லாம் வலிப்பு மாத்திரைதான்.

நம்மாளுங்களுக்காக இல்லம் கட்டினவங்க யாருன்னு தேடினா, கீழ்ப் பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் பெத்தானி இல்லம். லூத்தரன் சபைக்காரங்க 1960-களில் ஆரம்பிச்சது. சுத்தி எல்லாம் தோட்டம். நான் கோயில்காரன், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் கட்டின நாம இதைப் பத்தி யோசிக்கலை.

இப்ப பத்து ராக்கிட்டுக்கு வர்றேன். திரெங்கானுவில, கோலத் திரெங்கானுவுக்கு வடக்கே, கடலோர ஊர். 1984-ல நம்ம நாட்டோட முதல் பி.டி.கே. அங்கதான் ஆரம்பிச்சது. சமூக நல இலாகா நடத்தின சோதனைத் திட்டம், 55 பிள்ளைகள். நான் அப்ப பாரம் இரண்டு. பி.டி.கே.ன்னா பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி, சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வுன்னு அர்த்தம்.

யோசனை இங்க பிறந்தது இல்லை. 1978-ல சோவியத் நாட்டுல அல்மா ஆத்தாங்கிற ஊர்ல உலக நாடுகள் கூடி, பெரிய ஆஸ்பத்திரியை மட்டும் நம்பினா ஏழைகளுக்கு வைத்தியம் போய்ச் சேராது, கிராமத்துலேயே தொடங்கணும்னு முடிவெடுத்தாங்க. அதே யோசனையை உலக சுகாதார நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொண்டு வந்துச்சு. அதுக்கு ஒரு கையேடு தயார் பண்ணினாங்க. எழுதினவங்கள்ல ஒருத்தர் பத்மனி மெண்டிஸ், இலங்கையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். படம் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள். சாப்பிடக் கத்துக்கொடுப்பது எப்படி, சட்டை போடக் கத்துக்கொடுப்பது எப்படின்னு படிப்படியா இருக்கும். டாக்டர் தேவையில்லை. ஊர்ல ஒருத்தருக்குப் பயிற்சி கொடுத்தா, அவர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கோ பாட்டிக்கோ அக்காவுக்கோ கத்துக்கொடுப்பார்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இருபது வருஷமா ஃபேக்டரியில நான் செய்யற வேலை இதுதான். புது ஆப்பரேட்டர் வந்தா ஒரு வேலையை எட்டுப் படியா பிரிச்சு, படம் எடுத்து மெஷினுக்கு மேல ஒட்டி வைப்போம். ஒரு படி சரியா வந்த பிறகுதான் அடுத்த படி. பி.டி.கே.யில பல் தேய்க்கிறதை அப்படித்தான் கத்துக்கொடுக்கிறாங்க. மூடியைத் திறக்கிறது ஒரு படி, பசையைப் பிதுக்குறது ஒரு படி. பிதுக்குறதுக்கு மட்டும் சில பிள்ளைகளுக்கு ரெண்டு மாசம் ஆகுமாம்.

பத்து ராக்கிட்டுல தொடங்கினது இன்னிக்கு நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேல. சில இடத்துல பிள்ளை நிலையத்துக்கு வரும், படுத்த படுக்கையா இருந்தா ஊழியர் வீட்டுக்குப் போவாங்க, சில இடத்துல ரெண்டும் உண்டு. அரசாங்கம் பணம் கொடுக்குது, ஆனா நடத்துறது உள்ளூர்ச் செயற்குழு. பெற்றோரும் அதுல இருப்பாங்க. ஊழியர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண்கள். அவங்களுக்குக் கிடைக்கிறது முறையான சம்பளம் இல்லை, அலவன்ஸ். இத்தனை வருஷம் கழிச்சும் அப்படித்தான்ங்கிறது எனக்குச் சரியாப் படலை.

இன்னொரு பக்கம் பட்டணத்துல சங்கங்கள் வந்துச்சு. 1987-ல நாசோம், அதாவது தேசிய ஆட்டிசம் சங்கம். 1989-ல கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறக்கட்டளை. 2008-ல மாற்றுத்திறனாளிகள் சட்டம், எண் 685. நல்ல சட்டம்தான், ஆனா ஒதுக்கி வச்சவனுக்குத் தண்டனைன்னு அதுல ஒரு வரி கிடையாது. 2010-ல ஐ.நா. ஒப்பந்தத்தையும் மலேசியா ஏத்துக்கிச்சு.

நம்மாளுங்க கதையோ தலைகீழாப் போச்சு. கம்பத்துல பி.டி.கே. முளைச்ச அதே வருஷங்கள்ல நம்ம தோட்டம் ஒண்ணொண்ணா மூடிச்சு. தோட்டத் துண்டாடல் 1950-களின் கடைசியிலேயே ஆரம்பிச்சாச்சு, அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைச்சார். 80, 90-களில் வந்தது வேற அலை. வீடமைப்பு, தொழிற்பேட்டை, கோல்ஃப் திடல். வேடிக்கை என்னன்னா, தோட்டத் தொழிலாளர் வீட்டுவசதிக்கும் பிள்ளைக் காப்பகத்துக்கும் குறைந்தபட்சத் தரம் இவ்வளவு இருக்கணும்னு சொல்ற 446-ஆவது சட்டம் வந்தது 1990-ல. எங்க தோட்டம் 1992-ல கைமாறிடுச்சு.

மணி அடிச்ச அண்ணன் குடும்பம் அடுக்குமாடியில மூணாவது மாடிக்குப் போச்சு. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஆறு மணி ஆனா கதவைத் தட்டித் தட்டி அழுவாருன்னு அவங்கம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் போகலை.

தோட்டத்துல யாரும் பயிற்சி கொடுக்கலை, ஆனா பார்த்துக்க நூறு கண்ணு இருந்துச்சு. பி.டி.கே.யில பயிற்சி இருக்கு, ஆனா நம்ம பிள்ளைகளைக் காணோம். நான் போன நிலையத்துல முப்பது பேர்ல ஒரே ஒரு இந்தியப் பிள்ளை. ஏன்னு கேட்டதுக்கு அந்தப் பொறுப்பாளர் அம்மா, "நீங்கதான் சொல்லணும், எங்க கதவு திறந்துதான் இருக்கு"ன்னாங்க. மொழிக் கூச்சம் இருக்கு, சாப்பாட்டுல மாட்டிறைச்சி இருக்குமோங்கிற பயம் இருக்கு, அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சுருமேங்கிற வெட்கம் எல்லாத்துக்கும் மேல. சாப்பாட்டைப் பத்திக் கேட்டேன். நம்ம பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்பலாமாம், இல்லேன்னா அவங்களே முட்டையும் காயும் தனியா வைப்பாங்களாம்.

அந்தத் தம்பி இப்ப பி.டி.கே. போக ஆரம்பிச்சு ஆறு வாரம் ஆகுது. முதல் வாரம் பூரா வாசல்லயே நின்னான். இப்ப நாற்காலி அடுக்குறது அவன் வேலை. போன வெள்ளிக்கிழமை அம்மாவும் பிள்ளையும் கோயிலுக்கு வந்தாங்க. நான் முன்னாடி இடம் போட்டுக் கொடுத்தேன். "வேணாம் தம்பி, பழகட்டும்"னு கதவோரத் தூண்கிட்ட அவங்களே உட்கார்ந்தாங்க. அன்னிக்குச் சொன்னதுக்கு மன்னிப்பு கேட்கணும்னு போனேன், பிரசாதத்தைக் கொடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் கேட்கலை.

நம்ம கோயில் மண்டபம் திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் பூட்டித்தான் கிடக்குது. வாரத்துல ரெண்டு காலை, இந்த மாதிரிப் பிள்ளைகளும் அம்மாக்களும் கூட மண்டபத்தைத் திறந்து விடலாமான்னு செயற்குழுவுல எழுத்து மூலமா கேட்டிருக்கேன். விழுந்து அடிபட்டா யார் பொறுப்புன்னு பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பி.டி.கே. பொறுப்பாளரையே அடுத்த கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லச் சொல்லியிருக்கேன், வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

வீட்டுல இப்படிப் பிள்ளை இருந்து இன்னும் ஓ.கே.யு. அட்டை எடுக்காதவங்க, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல என்னைப் பாருங்க. ஐசி நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் கொண்டு வந்தா போதும், பாரம் நான் நிரப்பித் தர்றேன். அதுல டாக்டர் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடணும், பிறகு மாவட்டச் சமூக நல இலாகாவுல கொடுக்கணும். அட்டைக்குக் காசு கிடையாது. பி.டி.கே.யில சேர்ந்த பிறகு பயிற்சியாளர் அலவன்ஸ் இருக்கு, அதுக்கும் மனு எழுதணும். கூட்டத்துல வந்து கேட்கக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, நான் வீட்டுக்கு வர்றேன்.