கிரீட் தீவின் ஏழைச் சாப்பாடு

போன மாதம் என் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்த டாக்டர், "நெய்யைக் குறையுங்கள். கீரை, பருப்பு, பழம், கொஞ்சம் மீன், ஆலிவ் எண்ணெய் - மத்தியதரைக் கடல் உணவுதான் இனி உங்களுக்கு நல்லது" என்றார். கடையில் அந்த எண்ணெயின் விலையைக் கேட்டதும் நெஞ்சுவலி சற்று அதிகமாயிற்று! இவ்வளவு உயர்ந்த போஜனத்தை எந்த மகாராஜா கண்டுபிடித்தானோ என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

கண்டுபிடித்தவன் மகாராஜா அல்ல, வறுமை.

இரண்டாவது மகா யுத்தத்தில் ஜெர்மானியர் வசம் சிக்கிச் சீரழிந்த தீவு கிரீட். அங்குள்ள ஜனங்களை முன்னேற்ற வழி காண்பதற்காக 1948-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் வந்து, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். ரொட்டி, அவரை வகைகள், காட்டுக் கீரை, பழம். எல்லாவற்றிலும் தாராளமாக ஆலிவ் எண்ணெய். இறைச்சி எப்போதாவதுதான். இந்தச் சாப்பாடு திருப்திதானா என்று கேட்டதற்கு, ஆறு குடும்பங்களில் ஒன்றே 'ஆம்' என்றது. மற்றவர்களின் ஏக்கம் பெரும்பாலும் இறைச்சியைப் பற்றியது!

பத்து வருஷம் கழித்து, 1958-ல், ஆன்ஸல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஏழு தேசங்களில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 40 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 12,700 ஆண்களைப் பல வருஷங்கள் கவனித்தார்கள். பாலும் வெண்ணெயும் மிகுந்த கிழக்குப் பின்லாந்தில் மாரடைப்பு மரணம் மிக அதிகம்; கிரீட்டில் மிகக் குறைவு. வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலைக் கூட்டுவதுபோல் ஆலிவ் எண்ணெய் கூட்டுவதில்லை. ஆனால் எண்ணெயை மட்டும் புகழ்வது நியாயமாகாது. மலையில் ஏறி இறங்கி உழைத்த உடம்புகள் அவை. கிரேக்கத் திருச்சபை விதித்த விரத நாட்களும் ஏராளம்.

கீஸ் தெற்கு இத்தாலியில் பியோப்பி என்ற கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு, அந்த உணவையே உண்டு வாழ்ந்தார். 2004-ல் இறந்தபோது அவருக்கு நூறு வயது நிறைந்திருந்தது. 2010-ல் யுனெஸ்கோ இந்த உணவு முறையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வமாக அங்கீகரித்தது.

கிரீட்டுக்கும் பின்னாளில் செழிப்பு வந்தது. ஆசைப்பட்ட இறைச்சி தட்டுக்கு வந்தது; கூடவே கொலஸ்டிராலும் பருத்த உடம்பும் வந்தன. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. வேறு கதியில்லாமல் கீரை தின்பது வேறு. டாக்டர் சொல்லித் தின்பது வேறு.

இப்போதெல்லாம் என் மனைவி இலையில் கீரையைப் பரிமாறும்போது, திருப்தியில்லை என்று சொன்ன அந்த ஐந்து குடும்பங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. முகம் சுளிக்க மனம் வருவதில்லை.