ஜெனீவாவிலுள்ள நமது மரவட்டைகள்

மழை ஓய்ந்ததும் உக்கிய இலைகளினின்றும் வெளிப்பட்டு ஊரும் மரவட்டையை அறியாதார் நம்மிடையே இலர். ஆயின், அவ்வற்ப உயிரைப் பற்றிய அறிவின் சரித்திரம் குடியேற்ற ஆட்சியின் சரித்திரத்தோடு பிணைந்து கிடப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

புதிய இனமொன்றுக்குப் பெயர் சூட்டும் விலங்கியலாளர் எந்த உருப்படியைக் கண்டு அதனை விவரித்தாரோ, அதுவே அப்பெயருக்கு நிலையான ஆதாரமாகும். இதனை மூலமாதிரி என்பர். ஒரே பெயரின்கீழ் இரண்டு இனங்கள் கலந்துவிட்டனவோ என்ற ஐயம் பின்னர் எழுமாயின், தீர்ப்பளிப்பது நூலன்று; மதுசாரத்தில் மிதக்கும் அவ்வுடலே. மரவட்டைகளின் விஷயத்தில் இது மிக இன்றியமையாதது. புறத்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த பல இனங்களை, இனப்பெருக்கத்திற்கென உருமாறிய ஆணின் கால்களைக் கொண்டே பிரித்தறிய முடியும். பழைய விவரணைகள் பலவற்றில் இவ்வுறுப்புப் பற்றிய போதிய செய்தி இல்லை. மறுபுறம், மதுசாரத்தில் நிறம் மங்கிவிடுமாதலால் அதனை அறிய நூலும் வேண்டும்.

சுவிற்சர்லாந்து அறிஞர் அலோய் உம்பேர், இலங்கையின் மரவட்டை, பூரான் வகைகளைப் பற்றித் தாம் எழுதிய ஆய்வினை 1865இல் ஜெனீவாவில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அவருடைய மூலமாதிரிகள் அந்நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலையிலேயே உள்ளன. அன்று கொழும்பில் நூதனசாலை இல்லை. அது திறக்கப்பட்டது 1877இலேயே. மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டி வீழ்த்தப்பட்ட காலமும் அதுவே.

அவர் சூட்டிய பெயர்களிற் சிலவற்றை நோக்குவோம். ஓர் இனம் இலங்கையிற் பிறந்த வைத்தியரான கெலார்ட்டின் பெயரைத் தாங்குகின்றது. மற்றொன்று பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸின் பெயரை. இன்னொன்று ஜெனீவா அறிஞர் சோசூரின் பெயரை. இவர்கள் விஞ்ஞானத்திற்குத் தொண்டாற்றியவர்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அக்காட்டு மண்ணை நாள்தோறும் கிளறிய தமிழ், சிங்கள உழைப்பாளிகளின் பெயரோ, அவர்கள் அவ்வுயிர்களை அழைத்த சொல்லோ இப்பெயர்களில் இடம்பெறவில்லை.

இதனால் அவையனைத்தும் களவுபோன பொருள்களே என்று முடிவுகட்டுவது அவசர புத்தியாகும். அவற்றை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேணியதும் அந்நூதனசாலையே. பேணுதல் தானாக நிகழ்வதன்று. 1943இல் ஹம்பேர்க் நகர நூதனசாலையின் உலர் சேகரிப்புகள் குண்டுவீச்சில் அழிந்தன. 2018 செப்ரெம்பரில் ரியோ டி ஜெனீரோவிலிருந்த பிரேசிலின் தேசிய நூதனசாலை, நீண்டகாலம் போதிய நிதியின்றி நலிந்து, தீக்கிரையாயிற்று. பூச்சியினங்களின் மூலமாதிரிகள் பலவும் அதனோடு மறைந்தன. ஓரிடத்தில் யுத்தமும் மற்றோரிடத்தில் அரசின் அலட்சியமும் ஒரே வேலையைச் செய்தன.

ஆகவே, நமது கோரிக்கை தெளிவாக இருத்தல் வேண்டும். மூலமாதிரிகளின் துல்லியமான படங்கள் எவரும் காணக்கூடியனவாக வேண்டும். நமது மாணவர் தம் மண்ணின் உயிரை ஆராய்வதற்குப் பிறநாட்டுப் பிரயாணச் செலவு தடையாகலாகாது. உள்நாட்டுச் சேகரிப்புகளுக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்படுதல் வேண்டும். பெயர் உறுதிப்படாத இனம் அழிந்தால், அழிந்தது இன்னதென்று சொல்லவும் இயலாது. எஞ்சியுள்ள காடுகளைக் காக்க வாதாடுவோருக்கு அப்போத்தல்கள் தேவைப்படுவது இதனாலேயே.